கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிய நார்க்கடகம்

2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், ஒரு மாற்றுடுப்போடு முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்கள் நாங்கள். மீள்குடியேறிய பிறகு, இழந்ததையெல்லாம் திரும்பச் சேர்த்துவிட வேண்டும் என்ற அவதி. தவணைக்கு அலுமாரி, தவணைக்கு சோபா, அப்புறம் கிழமைதோறும் படலையடியில் கடன்காரர். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

போன வருடம் பனைமட்டை நாரில் இழைத்த கடகம், அதாவது கூடை, ஒன்றை 1,400 ரூபாவுக்கு வாங்கினேன். ஓலைக் கடகத்தை விட விலை கூடத்தான். ஆனால் தேங்காய், பூசணி, மரவள்ளிக்கிழங்கு என்று பத்துக் கிலோ வைத்துத் தூக்கினாலும் விளிம்பு விடவில்லை. அவ்வளவு இறுக்கமாகப் பொத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கடன் பயத்தால் இப்போது வீட்டில் ஒரே சட்டம்: கிழமைக்கு ஒரு கடகம். அது நிரம்பினால் சந்தை முடிந்தது. முதல் மாதம் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். சரி, நீங்களே தெரிவு செய்யுங்கள் என்று கடகத்தைக் கையில் கொடுத்தேன். சின்னவள் பிஸ்கட் பெட்டியை எடுத்து, யோசித்து, திரும்ப வைத்துவிட்டு விளாம்பழம் எடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குறை இல்லாமலில்லை. மீனுக்கு இது சரிவராது, வெடுக்கு நாரில் ஊறிவிடும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும், அடுப்படியில் தொங்கவிட வேண்டும். பிளாஸ்டிக் கூடைகள் ஐந்தையும் கொடுத்துவிட்டேன். மாமியும் தனக்கொன்று கேட்டிருக்கிறா, வெள்ளிக்கிழமை போகிறோம்.