மாருதி 800 கியர் லிவர் புஷ் கிட்: எதை வாங்கலாம், எப்போது வாங்கக் கூடாது

நியூட்ரலில் நிற்கும்போதே கியர் லிவர் நாலு பக்கமும் தளதளவென்று ஆடுகிறதா? முதல் கியர் போடப் போனால் மூன்றாவது விழுகிறதா? கியர் பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுப்பதற்கு முன் புஷ் (bush) கிட்டைப் பாருங்கள், அதாவது லிவர் மூட்டுகளில் உட்காரும் சின்ன பிளாஸ்டிக், ரப்பர் வளையங்களின் செட். 2014 ஜனவரியோடு உற்பத்தி நின்றுபோன வண்டி என்றாலும் இந்தக் கிட் இன்னும் கிடைக்கிறது. இந்த வண்டிக்குப் போடும் காசில் உடனே பலன் தெரியும் வேலைகளில் இதுவும் ஒன்று.

800-ல் இன்ஜின் முன்பக்கம் குறுக்காக இருப்பதால், லிவரிலிருந்து கியர் பாக்ஸ் வரை தரைக்கடியில் இரண்டு ராடுகள் போகின்றன. ஒன்று கியரை மாற்றும். மற்றொன்று லிவர் அமைப்பை கியர் பாக்ஸோடு பிடித்து நிறுத்தும். இவற்றின் மூட்டுகளில் இருக்கும் பிளாஸ்டிக், ரப்பர் புஷ்களும், லிவரின் உருண்டை உட்காரும் கப்பும் தேய்வதுதான் ஆட்டத்துக்குக் காரணம். கியர் பாக்ஸ் ஆயில் சீல் கசிந்தால் ரப்பர் புஷ் ஊறிச் சீக்கிரமே கெட்டுவிடும். அதை விட்டுவிட்டு புஷ்ஷை மட்டும் மாற்றினால் அதே வேலை திரும்ப வரும்.

கடையில் கிடைப்பதில் கம்பெனி ஒரிஜினல் பாகத்தையே நாங்கள் சிபாரிசு செய்வோம். மலிவான கிட்களில் பிளாஸ்டிக் புஷ்ஷின் உள்துளை கொஞ்சம் பெரிதாக இருக்கும். புதிதாகப் போட்ட அன்றே ஆட்டம் பாதிதான் குறையும். வாங்கும்போதே பழைய போல்ட்டைக் கொண்டுபோய் நுழைத்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் போக வேண்டும், தானாக நழுவி விழக்கூடாது. எல்லாக் கிட்டிலும் லிவர் கப் வராது. பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும் முன் ஒரு சோதனை. இன்ஜினை அணைத்து, ஒருவர் லிவரை ஆட்ட, இன்னொருவர் கீழே பார்க்க வேண்டும். ராடு அசைந்தும் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் அசையாமல் நின்றால் புஷ்தான். இன்ஜின் நின்றிருக்கும்போது எல்லாக் கியரும் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் மக்கர் செய்தால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். கிட் வாங்க வேண்டாம்.

வேலைக்கு வண்டியை நியூட்ரலில் வைக்க வேண்டியிருக்கும். அதனால் ஹேண்ட்பிரேக் மட்டும் போதாது, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். சைலன்சர் பைப் பக்கத்திலேயே போவதால் வண்டி ஆறியிருக்க வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே ஆயில் விட்டுவைத்தால் போல்ட் முறியாது.

கழற்றியதும் போல்ட்டையும் ராடின் துளையையும் துடைத்துப் பாருங்கள். போல்ட் தேய்ந்து படி விழுந்திருந்தால் புதிது போடுங்கள். துளை முட்டை வடிவமாகியிருந்தால் எந்தக் கிட்டும் நிற்காது. ராடையே மாற்ற வேண்டும். சென்னை என்றால் புதுப்பேட்டையில் பழைய ராடு தேடிப் பார்க்கலாம். லேத்தில் பித்தளை புஷ் கடைந்து போடுவதும் உண்டு. ஆட்டம் போய்விடும், ஆனால் இன்ஜின் அதிர்வு முழுக்க லிவருக்கு வரும், கூடவே சத்தமும். நைலான் கம்பியில் கடைந்தால் பரவாயில்லை.

ரப்பர் புஷ்ஷில் சாதாரண கிரீஸ் தடவினால் அது உப்பிவிடும், சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பிளாஸ்டிக் கப்புக்கு லித்தியம் கிரீஸ் போதும். கடைசி முறுக்கு, லிவர் நியூட்ரலில் நேராக நிற்கும்போது. சாய்ந்த நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே இருந்து சீக்கிரம் கிழியும். கிழிந்த டஸ்ட் கவரையும் கையோடு மாற்றிவிடுங்கள். மண் உள்ளே போனால் புதுப் புஷ் நீடிக்காது.

புதுப் புஷ் போட்ட பிறகும் ஓடும்போது கியர் நழுவினால் முதலில் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங்கைப் பாருங்கள். அதுவும் நன்றாக இருந்தால்தான் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டிய வேலை.