ஹிப்னோதெரபி போய் வந்தாச்சு, கடிகாரம் எதுவும் ஆடல

ஐபிஎஸ்னு (IBS) சொல்ற வயித்துப் பிரச்சனை இருக்கறவங்களுக்காகத்தான் முக்கியமா இதை எழுதறேன். டெஸ்ட் எல்லாம் நார்மல்னு வரும், வயிறு மட்டும் நார்மலா இருக்காது, எங்க போனாலும் முதல்ல டாய்லெட் எந்தப் பக்கம்னு கண்ணு தேடும், அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் ஓரளவுக்குத்தான் கேட்டுச்சு. கடைசில வயித்து டாக்டரே "ஹிப்னாடிசத்தை வெச்சு குடலுக்குன்னு தனியா பண்ற ஹிப்னோதெரபி இருக்கு, பண்ணிப் பாருங்க"ன்னு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்கிட்ட அனுப்பினார். அவங்க பேரு போடல, அந்த ஒருத்தரைப் பத்தின ரிவ்யூ இல்ல இது, இந்த சிகிச்சைக்குப் போனா நிஜமா என்ன நடக்கும்ங்கறதைப் பத்தி.

வீட்ல சொன்ன உடனே ஆரம்பிச்சுட்டாங்க. "ஏடிஎம் பின் நம்பரைக் கேட்டா உளறிடாதடா"ன்னு அண்ணன் கிண்டல். அண்ணி நிஜமாவே பயந்துட்டாங்க, "திரும்ப முழிக்கலன்னா என்ன தம்பி பண்றது"ன்னு. சினிமால பாத்துப் பாத்து தாடிக்காரர், சங்கிலில ஆடற கடிகாரம், ஒரு சொடக்கு போட்டா ஆளு அடிமைன்னு எல்லார் மண்டைலயும் பதிஞ்சு போச்சு.

முதல் செஷன்ல ஹிப்னாடிசமே கிடையாது, முழுக்கக் கேள்விதான். என்னென்ன டெஸ்ட் எடுத்தீங்க, எடை குறைஞ்சுதா, மலத்துல ரத்தம் போச்சா, ஃபிட்ஸ் வந்திருக்கா, யாரும் இல்லாதப்ப குரல் கேக்கற மாதிரி எப்பவாவது இருந்திருக்கான்னு எல்லாம் நோண்டி நோண்டிக் கேட்டாங்க. கொஞ்சம் எரிச்சலாதான் இருந்துச்சு, ஆனா யோசிச்சா சரிதான், சைக்கோசிஸ் மாதிரி தீவிர மனநோய் இருக்கறவங்களுக்கு இது பொதுவா சரிப்படாது, வேற நோயை ஐபிஎஸ்னு நெனச்சுட்டு கண்ணை மூடி உக்காந்தாலும் ஆபத்து. இந்தக் கேள்வி எதுவும் கேக்காம நேரா சேர்ல சாய்ச்சுப் படுக்க வெக்கறவங்ககிட்ட இருந்து எழுந்து வந்துடுங்க.

அப்புறம் மெயின் விஷயம். ஒரு புள்ளியைப் பாக்கச் சொல்றாங்க, கண்ணு தானா களைச்சுப் போய் மூடுது, மூச்சை கவனிக்கறோம், படி படியா இறங்கற மாதிரி எண்றாங்க, அப்புறம் வயித்து மேல கையை வெச்சு அங்க சூடு பரவறதா, குடல் ஒரு ஆறு மாதிரி அமைதியா ஓடறதா நெனைக்கச் சொல்றாங்க. இவ்ளோதான். இது தூக்கம் இல்ல, மூளையோட மின் அலையைக் காட்டற இஇஜி எடுத்துப் பாத்தாலும் தூக்கத்துல வர்ற மாதிரி இருக்காது. எனக்கு வெளிய யாரோ கதவைச் சாத்தின சத்தம் கேட்டுச்சு, மூக்கு அரிச்சப்ப நானே சொறிஞ்சுக்கிட்டேன், ஆனா அதெல்லாம் தூரத்துல நடக்கற மாதிரி, கண்டுக்கணும்னு தோணல. நடுவுல ஒரு தடவை "கை லேசாகி மேல மிதக்கும்"னாங்க, என் கை அசையவே இல்ல, அவங்களும் அதைப் பெருசு பண்ணாம அடுத்ததுக்குப் போயிட்டாங்க. கடைசில ஒண்ணு ரெண்டுன்னு எண்ணினாங்க, கண்ணைத் திறந்தேன். அண்ணி கேட்டதையும் கேட்டுப் பாத்தேன், சிரிச்சுட்டாங்க. நடுவுல அவங்க எழுந்து போயிட்டாக்கூட கொஞ்ச நேரத்துல நாமளே கண்ணைத் திறந்துடுவோமாம், இல்லன்னா அப்படியே ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு முழிச்சுக்குவோமாம், உள்ளயே மாட்டிக்கறதுன்னு ஒண்ணு கிடையாதாம். பின் நம்பர் கதையும் அதே மாதிரிதான், அந்த நிலைலயும் மனுஷனுக்குப் பொய் சொல்ல வரும், மறைக்கவும் வரும், இது உண்மையைக் கக்க வெக்கற மெஷின் இல்ல.

மேடைல சேவல் மாதிரி கூவறாங்களேன்னு கேப்பீங்க. அங்க கை தூக்கிட்டு மேடை ஏறினவங்களே ஆடறதுக்கு ரெடியா வந்தவங்க, அதுலயும் சின்னச் சின்ன டெஸ்ட் வெச்சு நல்லா ஒத்துழைக்கறவங்களை மட்டும் வெச்சுக்கிட்டு மத்தவங்களைக் கீழ அனுப்பிடுவாங்க, கூட்டம் வேற கை தட்டுது, அப்புறம் கூவாம என்ன பண்ணுவாங்க.

இன்னொண்ணு, மனசு பலவீனமானவங்கதான் இதுல விழுவாங்கன்னு ஒரு பேச்சு, இதுதான் எனக்கு ரொம்பக் கடுப்பு. 1959ல ஸ்டான்ஃபோர்ட் யூனிவர்சிட்டில வைட்சன்ஹாஃபர், ஹில்கார்டுன்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட்கள் ஒருத்தர் எவ்ளோ ஈஸியா ஹிப்னாடிசத்துக்குள்ள போவாருன்னு அளக்கறதுக்குன்னே ஒரு ஸ்கேல் போட்டாங்க, 12 சின்னச் சின்ன டெஸ்ட், கை கனமாகுதா, ஈ சுத்தற சத்தம் கேக்குதான்னு. கொஞ்சப் பேர் ரொம்ப ஈஸியா உள்ள போவாங்க, கொஞ்சப் பேருக்கு சுத்தமா வராது, பெரும்பாலானவங்க நடுவுல. அதே ஆளுங்கள்ல சிலரை 25 வருஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணினப்பவும் ஸ்கோர் பெருசா மாறல. அதாவது இது உயரம் மாதிரி ஆளுக்கு ஆள் மாறற ஒரு தன்மை, புத்திக்கும் வீரத்துக்கும் சம்பந்தம் இல்ல. நானும் அந்த நடு கோஷ்டிதான் போல.

சரி, வயித்துக்கு வேலை செஞ்சுதா? செஞ்சுது, முழுசா இல்ல. வலி குறைஞ்சுது, உப்புசம் குறைஞ்சுது, அவசர ஓட்டம் ரொம்பவே குறைஞ்சுது, ஆனா டென்ஷன் ஜாஸ்தியான வாரத்துல எல்லாம் திரும்பிப் பாக்க வருது. முதல்ல சில வாரம் எந்த மாற்றமும் தெரியல, அதையும் எழுதிடறேன், ரெண்டு செஷன் போயிட்டு டுபாக்கூர்னு விட்டுடாதீங்க. இது புதுசா கிளம்பின விஷயமும் இல்ல, 1984லயே பீட்டர் வோர்வெல்னு ஒரு டாக்டர் டீம் எந்த மருந்துக்கும் கேக்காத 30 ஐபிஎஸ் பேஷண்டுகளை வெச்சு செஞ்ச ஆராய்ச்சி லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு, ஹிப்னோதெரபி எடுத்தவங்களுக்கு நல்லாவே குறைஞ்சுது. பிரிட்டன்ல டாக்டர்களுக்கு சிகிச்சை வழிகாட்டி போடற நைஸ்ங்கற (NICE) அமைப்போட வழிகாட்டில 12 மாசம் மருந்துக்குக் கேக்கலன்னா யோசிக்கலாம்னு சொல்ற சிகிச்சைகள்ல இதுவும் ஒண்ணு.

குறைன்னா ரெக்கார்டிங்தான். தினமும் வீட்ல கேக்கணும்னு ஆடியோ குடுக்கறாங்க, சிகிச்சைல பாதி அதுலதான் இருக்கு, ஆனா பின்னணில ஏசி உறுமல், நடுவுல ஒரு இருமல், ஒவ்வொரு தடவையும் அந்த இருமல் எப்ப வரும்னு நான் காத்துட்டு இருந்தேன். நல்ல மைக்ல மறுபடி பதிவு பண்ணிக் குடுக்கலாம்.

எனக்கு அந்த சைக்காலஜிஸ்ட்கிட்ட ரொம்பப் பிடிச்சது அவங்க மாட்டேன்னு சொன்ன விஷயங்கள்தான். இதே தொழில்ல முன்ஜென்மத்துக்குக் கூட்டிட்டுப் போறேன், சின்ன வயசுல மறந்து போனதைத் தோண்டி எடுக்கறேன்னு சொல்றவங்க நெறைய பேர், அதைப் பத்தி நான் கேட்டதும் இவங்க முகமே மாறிடுச்சு. ஹிப்னாடிசத்துல வர்ற ஞாபகம் அதனாலயே துல்லியமா ஆயிடாது, கற்பனையும் கலந்துடும்னு அமெரிக்க மெடிக்கல் அசோசியேஷன் 1985லயே சொல்லியிருக்கு, இதுல கொடுமை என்னன்னா ஞாபகம் தப்பா இருந்தாலும் ஆளுக்கு நம்பிக்கை மட்டும் ஏறிடும். நடக்காத ஒண்ணை நடந்ததா நம்பி ஒருத்தன் சொந்தக்காரங்களோட உறவை அறுத்துக்கிட்டா அதுக்கு யார் பொறுப்பு.

அண்ணனுக்கு இப்ப சிகரெட்டை விடறதுக்கு வரணும்னு ஆசை வந்திருக்கு, ஒரே செஷன்ல விட்டுடலாம்னு எங்கயோ விளம்பரம் பாத்தானாம். அவங்ககிட்ட கேட்டேன், மத்த வழிகளை விட இது மேல்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல, அவரு முதல்ல டாக்டரைப் பாத்து நிகோடின் பேட்ச் மாதிரி இருக்கறதை எல்லாம் பேசட்டும், அதுக்கப்புறமும் வேணும்னா வரட்டும்னாங்க. அண்ணன் இன்னும் டாக்டர்கிட்ட போகல.