ஹெக்சன்: மௌனமாகப் பார்ப்பதா, குரலோடு பார்ப்பதா?

சூனியக்காரிகளையும் அவர்களைப் பிடித்து விசாரித்த காலத்தையும் பற்றி பெஞ்சமின் கிறிஸ்டென்சன் இயக்கிய படம் ‘ஹெக்சன்’ (1922). இது இரண்டு வடிவில் கிடைக்கிறது. ஒன்று, மீட்டெடுத்த மௌனப் படம். சுமார் 105 நிமிடம். மற்றது 1968-இல் 77 நிமிடமாகச் சுருக்கியது. அதில் எழுத்தாளர் வில்லியம் பரோஸ் கதை சொல்ல, பின்னால் வயலின் கலந்த ஜாஸ் இசை ஓடும். நேரமில்லை என்றால் இது போதும். சூனியக்காரிகள் கும்மாளமிடும் இடத்துக்கு அந்த வயலின் நன்றாகவே ஒட்டுகிறது. ஆனால் விசாரணைக் காட்சி வந்ததும், பேச்சை நிறுத்தினால் தேவலை என்றிருந்தது எனக்கு. சூனியக்காரி என்று இழுத்துவரப்பட்ட கிழவியின் முகம் திரையை அடைத்து நிற்கிறது: சுருக்கம் விழுந்த கன்னம், வழியும் கண்ணீர். அங்கே குரல் எதற்கு? என் ஓட்டு மௌனத்துக்கே. அப்புறம், நாக்கை நீட்டி ஆட்டுகிற சாத்தான் வேறு யாருமில்லை, இயக்குநரேதான்.