நாலு வருஷமா ஹைட்ராலிக் கட்டில்: எல்லாம் சரி, அடியில கை போகலையே

போன வாரம்தான் எங்க ஹைட்ராலிக் கட்டிலோட (மெத்தையோட மூடியத் தூக்கினா அடியில சாமான் வெக்கற பெட்டிக் கட்டில்) ரெண்டு ஸ்ட்ரட்டையும், அதாவது மூடியத் தூக்கித் தாங்கற உருளைங்களையும், மாத்தினோம், சாமான் 1,900 ரூபா, மாட்டின கூலி 400. அன்னிக்கு சாயங்காலமே ஃப்ரெண்ட் ஒருத்தி வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தா, ஆடித் தள்ளுபடியில ஹைட்ராலிக் கட்டில் 24,000க்கு வருதுடி, உன்கிட்ட இருக்கறதேதான், வாங்கலாமா, ரூம் நீட்டா இருக்குமான்னு. ரெண்டு நாளா பதில் போடாம வெச்சிருக்கேன். வாங்குன்னு சொன்னாலும் மனசு கேக்காது, வாங்காதன்னு சொன்னாலும் பாதிதான் உண்மை, அதனால முழுசா உக்காந்து எழுதிடறேன்.

எங்களோடது குயின் சைஸ், 78க்கு 60, எஞ்சினியர்டு வுட் (மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை), 2021 ஆடியில 27,500 குடுத்து வாங்கினது. மடிப்பாக்கத்துல முதல் மாடி வாடகை வீடு, பெட்ரூம் 10க்கு 11, இருக்கறது ஒரே லாஃப்ட், அதுலயும் பாதி ஹவுஸ் ஓனர் சாமான். கட்டில் வர்றதுக்கு முன்னாடி அந்த ரூம்ல நடக்கறதுக்கு ஒரு பாதை மட்டும்தான் இருக்கும். ஒரு மூலையில சூட்கேஸ் மேல சூட்கேஸ், இன்னொரு மூலையில விருந்தாளி வந்தா போடற மெத்தை சுருட்டி வெச்சது, பீரோ மேல கொலு பொம்மை அட்டைப்பெட்டி ஆறு. கட்டில் வந்த அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் உள்ள போட்டு மூடினோம். பாப்பாவுக்கு அப்ப நாலு வயசு, தரையில இடம் கெடச்ச சந்தோஷத்துல அவ படுத்து உருண்டது இன்னும் கண்ணுல நிக்குது. ரூம் ரெண்டு மடங்கா தெரிஞ்சுது. அந்த சந்தோஷம் நிஜம், அத நான் எப்பவும் மறுக்க மாட்டேன்.

இப்ப கோவத்துக்கு வரேன். இந்த கட்டிலுக்கு கால் கெடையாது. நாலு பக்கப் பலகையும் நேரா தரையில உக்காந்திருக்கும், நடுவுல சின்ன சின்ன பிளாஸ்டிக் புஷ் அடிச்சு ஒரு முக்கா இஞ்சு மட்டும் தூக்கி வெச்சிருப்பாங்க. அந்த முக்கா இஞ்சுல தொடப்பம் போகாது, மாப் போகாது, என் விரல் கூட போகாது, ஆனா தூசி போகும், முடி போகும், கரப்பான் போகும், பல்லி போகும். சுத்தம் பண்ற நம்மளத் தவிர எல்லாமே உள்ள போகலாம். வாங்கும்போது கடையில மூடியத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்க, ஒரு விரல்ல தூக்கலாம் மேடம்னாங்க, அடியில எப்படிப் பெருக்கறதுன்னு எனக்கும் கேக்கத் தோணல, அவங்களும் சொல்லல.

2021 கொலுவுக்கு பொம்மை எடுத்தப்பகூட அடிப்பலகையத் தூக்கிப் பாக்கணும்னு தோணல. அடுத்த வருஷம் கொலுவுக்கு எடுக்கும்போது என் தோட்டுத் திருகாணி கழண்டு ரெண்டு பலகைக்கு நடுவுல விழுந்துடுச்சு, அதத் தேடத்தான் பலகையத் தூக்கினேன். அடியில தரையே தெரியல. சாம்பல் கலர்ல கம்பளி விரிச்ச மாதிரி தூசி, முடியும் நூலும் சேந்து திரி திரியா, பல்லி முட்டை ஓடு, சுவர் ஓரமா கருப்பா பூசணம். பதிமூணு மாசமா தினமும் பெருக்கித் தொடச்ச ரூம் அது. அந்த வருஷம் முழுக்க பாப்பாவுக்கு ராத்திரி ஆனா மூக்கடைப்பு, மழைக்காலத்துல வீசிங், ரெண்டு தடவ நெபுலைசர் வெக்கற அளவுக்குப் போச்சு. தூசி மட்டும்தான் காரணம்னு நான் சொல்லல, ஆனா அந்தத் தூசிக்கு மேலதான் என் குழந்தைய தினமும் படுக்க வெச்சேங்கறது இப்ப நினைச்சாலும் அடிவயிறு கலங்குது.

டாக்டர் முதல்ல கேட்டதே படுக்கற எடத்தப் பத்திதான். டஸ்ட் மைட்னு ஒண்ணு, கால் மில்லிமீட்டர் இருந்தாலே பெருசு, கண்ணுக்குத் தெரியாது, நம்ம உடம்புல இருந்து உதிர்ற தோல்தான் அதுக்கு சாப்பாடு, தண்ணி குடிக்காது, காத்துல இருக்கற ஈரத்தை இழுத்துக்கிட்டே வாழும். மெட்ராஸ் காத்துல அதுக்கு என்ன குறைச்சல். அதோட கழிவுதான் அலர்ஜிய கிளப்பறது. பெட்ஷீட், தலகாணி உறை எல்லாம் வாரம் ஒரு தடவ 60 டிகிரி தண்ணியில தொவைக்கச் சொன்னார், ஆறின தண்ணியில தொவைச்சா அழுக்கு போகும், மைட் சாகாது. அன்னில இருந்து ஞாயித்துக்கிழமைன்னா மெஷின்ல 60தான்.

அடுத்து அந்த ரூமை முழுசா சுத்தம் பண்றது. வருஷத்துக்கு ரெண்டு தடவ, கொலுவுக்கு பொம்மை எடுக்கும்போது ஒண்ணு, போகிக்கு முந்தின ஞாயிறு ஒண்ணு. பாப்பாவை அத்தையோட மொட்டை மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்பிட்டுத்தான் ஆரம்பிப்பேன். மேல இருந்து கீழ, இந்த வரிசை மாறவே கூடாது. முதல்ல ஒட்டடை, அப்புறம் ஃபேன், பழைய தலகாணி உறைய றெக்கையில மாட்டி இழுத்தா தூசி உறைக்குள்ளயே விழும், மெத்தை மேல கொட்டாது. அடுத்து ஏசி ஃபில்டர், ஜன்னல் கொசுவலை, பீரோ மேல. மெத்தைய ரெண்டு பேரா மாடிக்குத் தூக்கிட்டுப் போய் பத்து மணி வெயில்ல போட்டு, ஒரு மணிக்குத் திருப்பிப் போட்டு, மூணு மணிக்கு இறக்கணும் (இது தென்னைநார் மெத்தைக்கு, லேட்டக்ஸை நேர் வெயில்ல போடக்கூடாது, பொடியா உதிர ஆரம்பிச்சிடும், அத நிழல்ல காத்தாட விட்டா போதும்). கடைசியாத்தான் கட்டில். உள்ள இருக்கறத எல்லாம் ஹாலுக்குக் கொண்டு போய், அடிப்பலகை ஒவ்வொண்ணா எடுத்து, கட்டிலுக்குள்ளயே எறங்கி நின்னு தரையை சுத்தம் பண்ணணும். முதல்ல காஞ்ச தொடப்பத்தை எடுத்துடாதீங்க, தூசி கெளம்பி மறுபடி மேலதான் ஏறும். ஈரத்துணியில ஒத்தி எடுத்துட்டு அப்புறம் தொடைங்க. அதுலயும் துணிய நல்லா பிழியணும், ஏன்னா பக்கப் பலகையோட அடி விளிம்பு தண்ணி பட்டா உறிஞ்சி பிஸ்கட் மாதிரி ஊதிடும், எங்களுக்கு வாசப்பக்க மூலை ஏற்கனவே ஊதி லேமினேட் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது. இவ்வளவும் முடிக்க ஆறு மணி நேரம், அதுல கட்டிலுக்கு மட்டும் மூணு. கால் வெச்ச கட்டிலா இருந்தா அந்த மூணு மணி நேரம் அஞ்சு நிமிஷம்.

தூசியாவது போகட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்தான் எனக்கு இந்தக் கட்டில் மேல மனசு விட்டுப்போன நேரம். முதல் மாடிங்கறதால வீட்டுக்குள்ள தண்ணி வரல, ஆனா ரெண்டு நாள் கரண்ட் இல்ல, ஜன்னல் தொறக்க முடியல, சுவரெல்லாம் ஓதம். ஜனவரியில போகிக்காக மூடியத் தூக்கினேன், நமுத்த வாடை மூஞ்சியில அடிச்சுது. அம்மா எனக்குக் கல்யாணத்துக்குக் குடுத்த தசாவதார செட் உள்ளதான் இருந்துது, பண்ருட்டி காகிதக்கூழ் பொம்மைங்க, பழைய வேட்டித் துணி சுத்தி பத்திரமாத்தான் வெச்சிருந்தேன். துணியப் பிரிச்சா கூர்மத்தோட முதுகு மெத்துனு அமுங்குது, மூக்குல இருந்து பெயிண்ட் துணியோட உரிஞ்சு வந்துடுச்சு. மரப்பாச்சி ரெண்டு மேலயும் வெள்ளையா பூசணம். மரப்பாச்சிய தொடச்சு நிழல்ல காய வெச்சு தேங்காண்ணெய் தடவினதும் சரியாச்சு, கூர்மம் ஆகல. அம்மா அந்த செட்டை பொம்மைக்கார அண்ணன் ஒருத்தர்கிட்ட சீட்டு மாதிரி மாசாமாசம் காசு கட்டி வாங்கினாங்க. நாலு பக்கமும் அடைச்ச பெட்டிக்குள்ள காத்து வர வழியே வெக்காம அதுக்கு ஸ்டோரேஜ்னு பேர் வெச்சு விக்கறாங்கன்னு எனக்கு அப்படி ஒரு ஆத்திரம், அன்னிக்கே வித்துடலாம்னு சொல்லிட்டேன்.

விக்கல. தெரிஞ்ச ஆசாரி ஒருத்தர் வந்து பாத்துட்டு, பக்கத்துக்கு ஆறு ஓட்டைன்னு ஒண்ணரை இஞ்சுல வட்டமா போட்டு, சின்ன ஜாலி மூடி மாட்டிக் குடுத்தார், எல்லாம் சேத்து 700 ரூபா. வெட்டின விளிம்புல பெயிண்ட் அடிச்சுட்டார், இல்லன்னா அது வழியா ஈரம் ஏறுமாம். நாலு இஞ்சு பி.வி.சி. கால் வெச்சு மொத்தமா தூக்கிடலாமான்னும் கேட்டேன், கிச்சன் கப்போர்டுக்குப் போடுவாங்களே அது. இந்த மரத்துல ஸ்க்ரூ நிக்காதும்மா, பிளைவுட்டா இருந்தா செஞ்சு தந்திருப்பேன்னு சொல்லிட்டார். ஓட்டை போட்டதுக்கப்புறம் 2024 மழைக்கு வாடை பெருசா இல்ல. மழை மாசத்துல ஈரம் இழுக்கற டப்பா ரெண்டு உள்ள வெக்கறேன், நாலு வாரத்துல பாதி டப்பா தண்ணி சேந்துடுது, அவ்வளவு ஈரம் முன்னாடி பொம்மைக்குள்ளதான் போயிருக்கு. பாச்சை உருண்டை போடறத நிறுத்திட்டேன், வீசிங் இருக்கற குழந்தை படுக்கற எடத்துல அந்த நெடி வேணாம். காஞ்ச வேப்பிலையும் வசம்பும் துணியில கட்டிப் போடறேன்.

ஸ்ட்ரட் விஷயம். பேருதான் ஹைட்ராலிக், உள்ள இருக்கறது அழுத்தி அடைச்ச நைட்ரஜன் கேஸ். உருளை மேலயே எத்தனை நியூட்டன்னு போட்டிருக்கும், பத்து நியூட்டன் சுமாரா ஒரு கிலோ எடைன்னு வெச்சுக்கலாம், ஆனா கீலுக்குப் பக்கத்துல இருந்து தள்ளுறதால அந்த பலம் முழுசும் மெத்தையத் தூக்கப் போகாது. எங்களுக்கு வந்தது 800. 2023ல தென்னைநார் மெத்தைய மாத்தி லேட்டக்ஸ் போட்டோம், அது நல்ல கனம், அப்ப இருந்தே மூடி பாதியில தயங்கும். போன மாசம் அத்தை உள்ள குனிஞ்சு பாய் எடுத்துக்கிட்டிருந்தாங்க, மூடி மெல்ல எறங்க ஆரம்பிச்சுது, நான் பக்கத்துல இருந்ததால தோள் குடுத்துத் தாங்கிட்டேன். பாப்பா தனியா இருந்திருந்தா? அந்த நினைப்புலதான் மறுநாளே ஆளக் கூப்பிட்டேன். இப்ப 1,000 போட்டிருக்கு, தூக்கினா நிக்குது. இருந்தாலும் ஒரு தடிமனான கம்பு வெட்டி உள்ளயே வெச்சிருக்கேன், முட்டுக் குடுக்காம யாரும் தலைய உள்ள விடக்கூடாதுன்னு வீட்டுல கண்டிப்பு. மெத்தை மாத்தினா ஸ்ட்ரட்டையும் பாருங்க. பழைய உருளைய ஓட்டை போடறது, நெருப்புல போடறது வேண்டவே வேணாம், வெடிக்கும்.

ரூம் கலையாம இருக்கறதுக்கு கட்டில் செஞ்ச உதவின்னா அது ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ தேவைப்படறது மட்டும்தான் உள்ள. கொலுப்படி, பொம்மை, பொங்கப் பானை, விருந்தாளி மெத்தை, கோரைப்பாய், பெரிய சூட்கேஸ். வாராவாரம் தேவைப்படறத உள்ள போட்டா மெத்தையத் தூக்க சோம்பல் பட்டு எல்லாம் கட்டில் மேல குவியும், முதல் வருஷம் எங்களுக்கு அதான் நடந்துது. ஒரு தடவ போட்டுட்டு மறுபடி போடற துணிக்கு கதவுக்குப் பின்னால ஆறு கொக்கி, ஆறு நெறைஞ்சா ஒண்ணு தொவைக்கப் போகணும். காலையில எழுந்ததும் பாப்பாவே போர்வை மடிக்கறா. அந்த முதல் வருஷத்துக்கு அப்புறம் இது மாறாம நிக்குது, யார் திடீர்னு வந்தாலும் பெட்ரூம் கதவை சாத்தவேண்டியதில்ல.

அதனால பதில் இதாண்டி. நீ வாங்காத. உன் வீடு தரைத்தளம், மழைக்கு வாசல் வரைக்கும் தண்ணி வர்ற தெரு, கைக்குழந்தை வேற. அதே காசுக்கு ஒரு அடி கால் வெச்ச கட்டில் வாங்கு, அடியில சக்கரம் வெச்ச பெட்டி ரெண்டு தள்ளிக்கோ, தினமும் இழுத்துட்டுப் பெருக்கலாம். அதையும் மீறி இதுதான் வேணும்னா பிளைவுட்ல, ஈரம் தாங்கற பி.டபிள்யூ.ஆர். கிரேடுன்னு கேட்டு, நாலு இஞ்சாவது தூக்கி, பக்கத்துல காத்து ஓட்டை போட்டு ஆசாரிகிட்ட செய்யச் சொல்லு.

என்னோடத வித்துடலாமான்னு ஸ்ட்ரட் மாத்தின அன்னிக்கு அவர் கேட்டார், வேணாம்னுட்டேன். அந்த ஆறு அட்டைப்பெட்டியும் சூட்கேஸும் மறுபடி ரூமுக்குள்ள வர்றத என்னால நினைச்சுப் பாக்க முடியல. ஸ்ட்ரட்டுக்காக காலி பண்ணினதோட அடியும் தொடச்சாச்சு, பலகையெல்லாம் மாடியில காஞ்சுட்டிருக்கு, இன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் திரும்ப அடுக்கணும். கூர்மத்தை மட்டும் உள்ள வெக்கல. ஜன்னலோரம் பீரோ மேல, காத்து படற எடத்துல வெச்சிருக்கேன்.