முழு கிளாஸையும் மாக் செய்வதா, ஒரு மெத்தடை மட்டும் ஸ்டப் செய்வதா?

ரிப்போர்ட் கிளாஸ் ஒன்று இருக்கிறது. அதன் ஒரு மெத்தட் டேட்டாபேஸிலிருந்து விற்பனை விவரங்களை எடுக்கிறது, இன்னொன்று மொத்தத்தைக் கணக்கிடுகிறது. டேட்டாபேஸைத் தொடாமல் கணக்கை மட்டும் சோதிக்க வேண்டும். நிஜ ரிப்போர்ட் ஆப்ஜெக்டை உருவாக்கி, விவரம் எடுக்கும் மெத்தடை மட்டும் ஸ்டப் செய்யலாம், அதாவது அது நிஜமாக ஓடாமல் நாம் சொன்ன விடையைத் தரும்படி செய்யலாம். அல்லது அந்த வேலையைத் தனி கிளாஸாகப் பிரித்து, கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) வழியாக உள்ளே அனுப்பி, டெஸ்டில் அதன் இடத்தில் மாக் எனும் போலி ஆப்ஜெக்டை வைக்கலாம்.

முதல் வழியில் மூலநிரலைத் தொட வேண்டியதில்லை என்பதால் பலரும் அதைத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அதன் செலவு பிறகுதான் தெரியும். ஜாவா டெஸ்ட் லைப்ரரியான மொக்கிட்டோவில், நிஜ மெத்தடுகளோடு இயங்கும் ஸ்பை ஆப்ஜெக்ட் மீது ஸ்டப் செய்ய ‘வென்’ எழுதினால், ஸ்டப் பதியும் முன்பே நிஜ மெத்தட் ஒருமுறை ஓடிவிடும். டேட்டாபேஸ் அழைப்பைத் தவிர்க்க வந்த இடத்திலேயே அது நடந்துவிடும். நிஜ மெத்தடை ஓட்டாமலே ஸ்டப் செய்யும் ‘டூ ரிட்டர்ன்’ வடிவம் இதற்காகத்தான் இருக்கிறது. கிளாஸுக்கு வெளியே தெரியாத பிரைவேட் மெத்தடை மொக்கிட்டோவால் ஸ்டப் செய்ய முடியாது என்பதால், டெஸ்டுக்காக மட்டும் அதன் மறைப்பைத் தளர்த்துகிறார்கள். இவற்றைவிடப் பெரிய சிக்கல், டெஸ்டானது ரிப்போர்ட் கிளாஸின் உள்ளமைப்போடு ஒட்டிக்கொள்வது. நாளை யாராவது அந்த அழைப்பை வேறொரு மெத்தடுக்கு மாற்றினால், ரிப்போர்ட் சரியாக இருந்தும் டெஸ்ட் உடையும்.

இரண்டாம் வழியில் இந்த ஒட்டுதல் இல்லை. எல்லை தெளிவாக இருக்கிறது: ரிப்போர்ட் முழுக்க நிஜம், விவரம் தருவது முழுக்கப் போலி. மாக் உருவாகும்போது நிஜக் கன்ஸ்ட்ரக்டரும் ஓடாது.

ஆனாலும் கவனம் வேண்டும். மொக்கிட்டோ மாக்கில் ஸ்டப் செய்யாத மெத்தடுகள் நல் (வெற்று மதிப்பு), பூஜ்யம், காலி லிஸ்ட் என்று எதையாவது திருப்பித் தரும். காலி லிஸ்டின் மொத்தம் பூஜ்யம்தான். எதிர்பார்த்த விடையும் பூஜ்யமாக இருந்தால் டெஸ்ட் எதையும் சோதிக்காமலே பச்சை காட்டும். பைத்தானில் ஆபத்து இன்னும் அதிகம். வெறும் மாக் ஆப்ஜெக்ட் எந்தப் பெயரைக் கேட்டாலும் ஒரு புது மாக்கைக் கொடுக்கும். நிஜ கிளாஸில் மெத்தடின் பெயர் மாறியிருந்தாலும் டெஸ்டுக்குத் தெரியாது. மாக்கை நிஜ கிளாஸின் வடிவத்தோடு ஒப்பிடும் ஆட்டோஸ்பெக் போட்டால் இல்லாத பெயரும் தவறான ஆர்கியுமென்டும் உடனே பிடிபடும். ரூபி மொழியின் டெஸ்ட் கருவியான ஆர்ஸ்பெக்கில் இன்ஸ்டன்ஸ் டபுள் எனும் மாக் வகை இதைச் செய்கிறது. இந்தச் சரிபார்ப்பு இல்லாத மாக்கை நான் ஏற்கமாட்டேன்.

விவரம் தரும் மெத்தட் ‘எத்தனை முறை அழைக்கப்பட்டது’ என்று வெரிஃபை செய்வதும் வேண்டாம். மொத்தம் சரியென்றால் போதும். மின்னஞ்சல் அனுப்புவது போல விளைவே வெளியில் நடக்கும் இடங்களில்தான் வெரிஃபை பொருந்தும்.

ஆகவே என் தேர்வு இரண்டாவது. டெஸ்டே இல்லாத பழைய நிரலில் மட்டும் முதல் வழிக்கு இடம் உண்டு: ஒரு மெத்தடை ஸ்டப் செய்து டெஸ்ட் எழுதி, அந்தப் பாதுகாப்போடு கிளாஸைப் பிரித்து, பிறகு அந்த ஸ்டப்பை நீக்கிவிட வேண்டும்.

இரண்டுமே தேவைப்படாத இடங்களும் உண்டு. ‘இன்றைய தேதி’ தரும் மெத்தடை ஸ்டப் செய்வதற்குப் பதில், ஜாவா 8 முதல் இருக்கும், நேரம் தரும் கிளாக் கிளாஸைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கிக்கொண்டு, டெஸ்டில் நிலையான நேரம் காட்டும் ‘கிளாக்.ஃபிக்ஸ்ட்’ கொடுத்தால் போதும்.