பெயின்ட் அடித்து வரும் மாடல் ராக்கெட் கிட்: பசையைத் தொடுமுன் பாருங்கள்

"மோட்டார் உட்பட முழு செட், பெயின்ட் முடிந்தது, ஒட்டினால் போதும்" என்று ஆன்லைனில் விற்கும் கிட் இது. பெட்டியில் உள்ள குறைகளைச் சொல்லிப் பணத்தைத் திரும்பக் கேட்டால், "பசை பட்ட பாகத்தை எடுத்துக்கொள்ள மாட்டோம்" என்பதுதான் பதில். ஆகவே எதையும் ஒட்டுமுன் சோதித்துவிடுங்கள்.

ராக்கெட்டை உந்தும் மோட்டார் என்று வந்தது மருந்தில்லாத வெறும் அட்டைக் குழல். கருமருந்து மோட்டார் வெடிபொருள்; அதைப் பன்னாட்டு அஞ்சலில் அனுப்பவே கூடாது. "உட்பட" என்று எழுதியிருக்கும்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டிய விஷயம்.

மோட்டாரைச் செருகும் குழாயான மவுண்ட் இன்னும் ஆபத்து. எஸ்டஸ் நிறுவனத்தின் பி6-4, சி6-5 வகை மோட்டார்கள் 18 மி.மீ. விட்டம், 70 மி.மீ. நீளம். மவுண்ட் குழாயின் உள்விட்டம் அதைவிட மயிரிழைதான் கூடுதலாக இருக்கலாம். இதில் 19 மி.மீ.க்கும் மேல், மோட்டாரைப் பிடிக்கும் எஃகுக் கொக்கியும் இல்லை. ராக்கெட் உச்சியை எட்டும்போது மோட்டாரிலுள்ள வெளியேற்று மருந்து வெடித்து, மூக்குக் கூம்பு கழன்று பாராசூட் வெளியே வர வேண்டும். மோட்டார் தளர்வாக இருந்தால் அதுவே பின்பக்கமாகத் தெறித்துவிடும். பாராசூட் உள்ளேயே கிடக்க, ராக்கெட் ஈட்டிபோல் தரையில் பாயும். மாஸ்கிங் டேப் சுற்றி மோட்டாரை இறுக்கலாம். ஆனால் குழாயின் முன்முனையில் தடுப்பு வளையம் இருக்கிறதா என்று பென்சில் விட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால் உந்துவிசையில் மோட்டார் உடலுக்குள் ஏறிப்போகும்.

ஏமாற்று வேலை முழுக்க ஒளிந்திருப்பது துடுப்புகளில். பளபளக்கும் பெயின்டை ஓர் ஓரத்தில் உப்புத்தாளால் தேய்த்தால் பால்சா என்ற எடை குறைந்த மரத்தின் ரேகை தெரியும். அது துடுப்பின் முன்விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். இவற்றில் உடல்குழாய்க்கு இணையாக ஓடுகிறது. பலகையை மிச்சம்பிடிக்க அப்படி வெட்டியிருப்பார்கள்போல. விரலால் லேசாக வளைத்தாலே ரேகையோடு பிளக்கிறது. பறக்கும்போது தாங்கினாலும் தரையில் இறங்கும்போது அடியோடு ஒடியும்.

முன்கூட்டியே பெயின்ட் அடிப்பதே தவறு. மரப்பசை மரத்திலும் காகிதத்திலும் ஊறித்தான் பிடிக்கும். பெயின்ட் மேல் ஒட்டினால் பெயின்டோடு உரிந்து வரும். கட்டிமுடித்து, துடுப்பின் அடியில் இருபுறமும் பசையை வரப்பாக இழுத்துக் காயவைத்து, மரத் துளைகளை அடைக்கும் சீலர், அடிப்பூச்சான பிரைமர், கடைசியில்தான் நிறம்.

பணம் கிடைக்காதவர்கள் குழாயையும் கூம்பையும் காப்பாற்றலாம். 2.4 மி.மீ. பால்சாவில் புதுத் துடுப்புகள் வெட்டுங்கள். ஒட்டும் கோட்டில் குழாயின் பெயின்டைக் காகிதம் தெரியும்வரை சுரண்டுங்கள். துடுப்பின் அடியிலும் குழாயிலும் மெல்லப் பசை தடவிச் சற்று உலரவிட்டு, மறுபடி தடவி அழுத்துங்கள். கூம்பை உடலோடு இணைக்கும் ஒரு சாண் ரப்பர் கயிற்றையும் தூக்கிப் போடுங்கள்: கூம்பு துள்ளித் திரும்பி உடலிலேயே மோதும். கயிறு உடல் நீளத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். பாராசூட் கருகாமல் இருக்க அதற்கும் மோட்டாருக்கும் நடுவே தீப்பிடிக்காத பஞ்சுத்தாள் வைக்க வேண்டும். அதுவும் பெட்டியில் இல்லை.

திருப்பி அனுப்புபவர்கள் காலிப்பர் வைத்து அளந்த மவுண்டையும், தேய்த்த துடுப்பின் ரேகையையும் படமெடுத்துப் புகாரோடு இணையுங்கள். "தரமில்லை" என்று மட்டும் எழுதினால் தள்ளிவிடுகிறார்கள்.