பழைய சிம்பொனியும் புதிய படைப்பும் ஒரே சீசனில்: எந்த ஏற்பாடு உருப்படும்?

ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் சீசன் அட்டவணை வந்ததும் பெரும்பாலானோர் தேடுவது பீத்தோவனின் எந்த சிம்பொனி, சைக்கோவ்ஸ்கி உண்டா, பியானோ வாசிக்க யார் வருகிறார் என்பதைத்தான். நான் முதலில் தேடுவது இப்போது உயிரோடு இருக்கும் இசையமைப்பாளர்களின் பெயர்களை. அவர்களுடைய படைப்பை கச்சேரியின் எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள், எத்தனை நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், மறுபடி எப்போதாவது வாசிப்பார்களா? அதன் தலையெழுத்து இந்த மூன்றில்தான் இருக்கிறது. "இந்த சீசனில் இத்தனை புதிய படைப்புகள்" என்ற எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நடைமுறையில் நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எல்லாமே பழகிய பழைய படைப்புகள் என்பது ஒன்று. முதலில் பத்து நிமிடம் புதுசு, அப்புறம் கான்செர்ட்டோ (ஒரு தனிக் கலைஞர் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிப்பது), இடைவேளை, கடைசியில் பெரிய சிம்பொனி என்று அடுக்கும் 'சாண்ட்விச்' முறை இன்னொன்று. புதிய இசைக்கு மட்டும் தனிக் கச்சேரி வரிசை நடத்துவது மூன்றாவது. நான்காவது, ஒரு பழைய படைப்பையும் அதோடு பேசுகிற ஒரு புதிய படைப்பையும் ஜோடியாக வைப்பது.

முதல் வழியை ஏளனமாகப் பேச எனக்கு மனம் வராது. டிக்கெட் போகிறது, கலைஞர்களுக்கு ஏற்கெனவே கை பழகியிருக்கிறது, காப்புரிமை முடிந்துவிட்டதால் இசை நோட்டுகளுக்கு வாடகை கட்டும் தொல்லை இல்லை, வயலின் வில்லை எங்கே மேலே இழுப்பது எங்கே கீழே இழுப்பது என்ற பென்சில் குறிகளோடு நோட்டுப் பிரதிகள் ஆர்கெஸ்ட்ராவின் நூலகத்திலேயே இருக்கும். ஆனால் இது மட்டுமே தொன்றுதொட்டு வந்த மரபு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள முடியாது. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில், குளிரில், சுமார் நான்கு மணி நேரம் நடந்த ஒரே கச்சேரியில்தான் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியும் ஆறாவது சிம்பொனியும் முதன்முதலாகக் கேட்கப்பட்டன. ஒத்திகை போதாமல், அன்று வாசித்த அவருடைய இன்னொரு படைப்பான கோரல் ஃபேன்டஸி நடுவில் தடுமாறி நின்றுபோய், மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. லைப்ஸிக்கில் மெண்டல்சோன் 1838இல் பாக், ஹேண்டல் போன்ற மறைந்தவர்களின் படைப்புகளை 'வரலாற்றுக் கச்சேரிகள்' என்று தனியாகப் பெயர் வைத்துத்தான் நடத்தினார். புதுசைக் கேட்பதே வழக்கமாக இருந்த காலம் அது.

சாண்ட்விச் முறைதான் உலகம் முழுக்க அதிகம் நடப்பது, எனக்கு அதிகம் வருத்தம் தருவதும் அதுதான். இதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு: புதிய படைப்புகளில் தாளக் கருவிகள் ஏராளமாக வரும், அவற்றை முன்கூட்டியே மேடையில் பரப்பி வைத்துவிடலாம், பிறகு பியானோவைத் தள்ளிக்கொண்டு வரலாம். பிரபல கலைஞர் அடுத்து வருவதால் ரசிகர்கள் எழுந்து போகமாட்டார்கள். சரி. ஆனால் ஒத்திகை நடக்கும் வாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு அமர்வுகள்தான். கான்செர்ட்டோ வாசிக்க வருபவருக்கு ஒரு பகுதி போய்விடும், கடைசியில் வாசிக்கும் பிராம்ஸின் சிம்பொனி எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும் ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் அதைத் தன் விருப்பப்படி செதுக்க நேரம் கேட்பார், யாருமே இதுவரை வாசித்திராத, விசித்திரக் குறியீடுகள் நிறைந்த புதிய நோட்டுக்கு மிஞ்சிய நேரம்தான். விளைவு, ஒவ்வொருவரும் தன் தாள அளவுகளை எண்ணிக்கொண்டே வாசிக்கிறார்கள், இசையமைப்பாளர் மேடையேறி வணங்குகிறார், மரியாதைக்குக் கைதட்டல், அவ்வளவுதான், அந்த நோட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது.

இதில் தேறியவையும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஜான் ஆடம்ஸின் 'ஷார்ட் ரைட் இன் எ ஃபாஸ்ட் மெஷின்' (1986) நான்கு நிமிடம்தான், மரக்கட்டைத் தாளம் முதல் நொடியிலிருந்தே விடாமல் விரட்டும், அந்த இடத்துக்கு அது கச்சிதம். ஆனால் எல்லாரும் அதே மாதிரி பளபளவென்று, சுருக்கமாக, சத்தமாக எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று ஆகிவிட்டால், இருபத்தைந்து நிமிடம் மெதுவாக விரிய வேண்டிய இசையை யார் எழுதுவார்கள்?

தனி வரிசை முறைக்கு நல்ல முன்னோடிகள் இருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஷோன்பெர்க் 1918இல் வியன்னாவில் தொடங்கிய சங்கத்தில் கைதட்டக் கூடாது, விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை, கடினமான படைப்புகளைப் போதுமான ஒத்திகையோடு திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மியூனிக்கில் இசையமைப்பாளர் ஹார்ட்மன் 1945இல் தொடங்கிய மூசிக்கா விவா என்ற கச்சேரி வரிசை இன்றும் நடக்கிறது. இங்கே வாசிப்பு நேர்த்தியாக இருக்கும், வருபவர்கள் காதைத் திறந்துகொண்டு வருவார்கள். குறை என்னவென்றால், பிராம்ஸ் கேட்க வருபவரும் புதுசைக் கேட்க வருபவரும் கடைசிவரை ஒருவரையொருவர் சந்திக்கவே மாட்டார்கள்.

எனக்குப் பிடித்தது ஜோடி முறை. யோர்க் விட்மனின் 'கான் ப்ரியோ'வை (2008) எடுத்துக்கொள்ளுங்கள். பீத்தோவனின் ஏழாவது, எட்டாவது சிம்பொனிகளோடு சேர்த்து வாசிப்பதற்காகவே பவேரிய வானொலி ஆர்கெஸ்ட்ரா எழுதச் சொன்னது. அந்த சிம்பொனிகளுக்கு வேண்டிய அதே கருவிகள்தான், ஒரு ஆள்கூட கூடுதலாக வேண்டாம். ஆனால் காற்றுக் கருவிக்காரர்கள் சுரம் எழாமல் வெறும் மூச்சை ஊதுவார்கள், டிம்பனி என்ற பெரிய முரசை வாசிப்பவர் தோலை விட்டுவிட்டு செம்புப் பாத்திரத்தின் உடலைத் தட்டுவார். அதே மேடை, அதே ஆட்கள், வேறு உலகம். அதைக் கேட்ட காதோடு ஏழாவது சிம்பொனிக்குள் போனால் பீத்தோவன் எவ்வளவு முரட்டுத்தனமானவர் என்பது சட்டென்று உறைக்கும். உன்சுக் சின் 2020இல் எழுதிய 'சுபிதோ கான் ஃபோர்ஸா'வும் அப்படித்தான், பீத்தோவனின் கோரியோலான் ஓவர்ச்சர் என்ற படைப்பின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஐந்தே நிமிடத்தில் எங்கெங்கோ போய்விடும். பல அமைப்புகள் சேர்ந்து எழுதச் சொன்னதால் செலவும் பங்கிடப்பட்டது, ஒரு ஊரோடு முடிந்தும் போகவில்லை.

இதிலும் ஆபத்து இருக்கிறது. புதியவர்கள் எப்போதும் பீத்தோவனுக்கு அடிக்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்க முடியாது. அதனால் ஜோடி முறையோடு இன்னொன்றும் கட்டாயம் வேண்டும், புதிய படைப்புக்கு முழு நீள இடம். பாஸ்டன் ஆர்கெஸ்ட்ராவின் கண்டக்டராக இருந்த கூசெவிட்ஸ்கி அதைச் செய்தார். அவர் கேட்டு பார்டோக் எழுதிய 'ஆர்கெஸ்ட்ராவுக்கான கான்செர்ட்டோ' 1944 டிசம்பர் 1 அன்று அரங்கேறியது. ஐந்து பகுதிகள், நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதே மாதக் கடைசியில் மறுபடி வாசித்தார்கள், அடுத்த ஆண்டு பார்டோக் முடிவை நீட்டி மாற்றி எழுதினார். இன்று அது பிடித்தமான படைப்புகளின் வரிசையில் சேர்ந்துவிட்டது. அதைப் பத்து நிமிடத்துக்குள் சுருக்கச் சொல்லியிருந்தால் அது பிறந்தே இருக்காது.

என் வரிசை இதுதான்: ஜோடி முறை முதலில், தனி வரிசை அடுத்து, பழையது மட்டும் மூன்றாவது, சாண்ட்விச் கடைசி. பழையது மட்டும் வாசிப்பவர்கள் குறைந்தபட்சம் எதையும் அரைகுறையாக மேடையேற்றுவதில்லை. பணமும் நேரமும் குறைவாக உள்ள ஆர்கெஸ்ட்ரா என்றால், ஆறு புதிய படைப்புகளுக்குப் பதில் இரண்டே இரண்டை எடுத்து, இடைவேளைக்குப் பின் வைத்து, அடுத்த சீசனிலும் அதே இரண்டை வாசிக்கட்டும்.